நாலு மணிக்கு வர்ற சீனியருங்க

வேந்தா கண்ணு,

மில்லுக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு குக்கர்ல இருக்குது, ரசத்தை மட்டும் சுட வெச்சுக்கோ.

காத்தால நான் கத்துனதை மனசுல வெச்சுக்காதே. சின்னக் காலேஜு, சீனியருங்க செட்டு, ஒரே கலர் டீசர்ட்டு, ஊட்டி டூருன்னு நீ ஆசைப்படறது எனக்குப் புரியுது. ஆனா செட்டுல சேர்த்துக்கறதுக்கு அவங்க கேட்டது உன்ற மார்க்கையா? சூலூர்ல எந்த வீதி, அப்பா பேரென்னன்னுதானே கேட்டாங்க. எதுக்குக் கேக்கறாங்கன்னு உனக்குந் தெரியும். நீயும் காலனின்னு சொல்லாம பஸ் ஸ்டாண்டுகிட்டன்னு மழுப்பிப்போட்டே. போன்ல பேசுனது என்ற காதுல உழுந்துச்சு.

நாலு மணிக்கு அவங்க நம்ம ஊட்டுக்கு வர்றாங்கல்ல, வரட்டும். உள்ள கூப்பிட்டு உக்கார வெய்யி. முறுக்கு பெரிய டப்பாவுல இருக்குது. இஞ்சி தட்டிப்போட்டு டீ வெய்யி.

நம்ம டம்ளர்ல வாங்கிக் குடிச்சாங்கன்னா, நாளைக்குக் கவுன்சிலிங் லிஸ்ட்டுல அந்தக் காலேஜையே மொதல்ல போடு. என்ற போனுக்கு வர்ற ஓடிபியை நானே சொல்றேன். குடிக்கலீன்னா அப்பறம் அந்தக் காலேஜு பேரை எங்கிட்ட எடுக்காதே.

அம்மா

கேஸை மறக்காம மூடு.

அரிசி டப்பாவுக்குப் பின்னால பேப்பர் கப்பு வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தியே, அதை என்ற பையில போட்டு எடுத்துட்டுப் போறேன்.