சமையலறை ரேடியேட்டரைக் கழுவினோம்

பர்ன்லி, இங்கிலாந்து,
ஜனவரி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள நெவில்,

நான் நலம். ஸ்பெயின் வெயிலில் உன் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பனி விட்டு மழை பிடித்துக்கொண்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

வீடு விற்பனைக்கு நான் கையெழுத்துப் போடவில்லை என்று கோபமாக இருக்கிறாய். காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் தம்பி ரோட்னி, தனக்குத் தெரிந்த ஹீட்டிங்காரர் ஒருவரோடு வந்தான். அந்த மனிதர் அறை அறையாகப் போய், வெந்நீர் ஓடிச் சூடு தர வேண்டிய ஒவ்வொரு ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். ரோட்னி கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று, “இதெல்லாம் உன்னால ஆகற காரியமில்ல, வெண்டி. இந்தக் குளிர்ல எதுக்குக் கெடந்து அவஸ்தைப்படற? வித்துட்டு ஒரு சின்ன பிளாட்டுக்குப் போயிடு” என்றான். வாய்தான் அவனுடையது, வார்த்தை உன்னுடையது. அது தெரியாத அளவுக்கு நான் மந்தமில்லை.

அவன் சொன்னதில் ஒன்று உண்மை. நான் அவஸ்தைப்பட்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தேன், வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து ரேடியேட்டர் உன் பொறுப்பு, என்னை ஒரு திருகைத் தொட விட்டதில்லை. அன்று அவர்கள் போனதும், காற்றை வெளியேற்றும் அந்தச் சின்னப் பித்தளைச் சாவியைத் தேடினேன். உன் சாவிக்கொத்தோடு அதுவும் போய்விட்டது போலிருக்கிறது. பரவாயில்லை. கடையில் புதுச் சாவி ஒரு கோப்பைத் தேநீர் விலைக்கே கிடைக்கிறது.

ரேடியேட்டரைச் சரிசெய்வது பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். பக்கத்து வீட்டு ஷப்னத்தை உனக்கு நினைவிருக்கும், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். “எனக்கும் ஒரு எழவும் தெரியாது. ஆனா வாளி புடிக்கத் தெரியும்” என்று வந்து நின்றாள்.

மாடி ரேடியேட்டர்கள் அடிப்பக்கம் சுட்டன, மேல்பக்கம் குளிர்ந்தே கிடந்தன. உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு ஓரத்துத் திருகைச் சாவியால் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். காற்று ‘உஸ்’ என்று போய்த் தண்ணீர் சொட்டியதும் மூட வேண்டும். நான் கொஞ்சமாகத் திருப்பவில்லை. கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, நீ ஆசையாக ஒட்டிய சுவர்க்காகிதமெல்லாம் நாசம். ஷப்னம் வாளியைப் பிடித்துக்கொண்டே, “உன் வீட்டுக்காரர் பார்த்தா என்ன சொல்வாரு?” என்று கேட்டாள். “பார்க்க வரட்டும், சொல்லட்டும்” என்றேன். பிறகு தண்ணீரைச் சுடவைக்கும் பாய்லரில் அழுத்தம் குறைந்து, அதைக் காட்டும் முள் கீழே இறங்கிவிட்டது. அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றினோம்.

முன்னறை ரேடியேட்டர் மொத்தமாகச் செத்துக் கிடந்தது. அதன் வால்வுத் தலையைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஊசி, அமுங்கினபடியே சிக்கியிருந்தது. எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டித் தட்டி அசைத்ததும் துள்ளி மேலே வந்தது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டபோது நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, பைத்தியங்களைப் போல அந்த இரும்பின்மேல் கை வைத்துக்கொண்டிருந்தோம்.

சமையலறையில் இருப்பதுதான் எமன். மேலே சூடு, அடியில் ஜில். உள்ளே சேறு. இரண்டு பக்க வால்வையும் மூடி, தண்ணீரை வடித்து, கழற்றித் தூக்கினோம். என்ன கனம் தெரியுமா? படியில் ஒருதரம் என் கால்மேல் இறங்கியது. நகம் இன்னும் நீலமாக இருக்கிறது. பின்முற்றத்தில் சாய்த்து வைத்து ஹோஸ் குழாயை விட்டால், தார் மாதிரி வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது.

நீ அனுப்பிய வீட்டுத் தரகர் சரியாக அந்த நேரத்தில், வாங்க வந்த ஓர் இளம் தம்பதியோடு பின்கதவில் வந்து நின்றார். முன்கதவு மணி எங்களுக்குக் கேட்கவில்லை. என் முகமெல்லாம் கறுப்பு. தரகருடைய வெளிர் நிறக் காலணிகளின் அடியில் அந்தத் தண்ணீர் ஓடியது. அவர்களை உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தேன். அவர்கள் மேல் எனக்கென்ன கோபம்? அந்தப் பெண் முன்னறையில் கோட்டைக் கழற்றிவிட்டு, “வீடு நல்லா கதகதப்பா இருக்கே. இது குளிர் வீடுன்னு சொன்னாங்களே” என்றாள்.

“குளிராத்தான் இருந்துச்சு. இப்ப இல்ல. அதனால நானும் எங்கயும் போறதா இல்ல” என்றேன். தரகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “பாதி வீடு என் பேர்ல இருக்குங்க. எந்தப் பாதின்னு யாரும் இதுவரைக்கும் பிரிச்சுக் காட்டல” என்றேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். இனி யாரையும் அனுப்பாதே. தேநீர் கொடுத்து அனுப்புவேன், வேறொன்றும் கிடைக்காது.

சமையலறை ரேடியேட்டரைத் திரும்ப மாட்டியாயிற்று. துருப்பிடிக்காமலிருக்க மருந்தும் ஊற்றியாயிற்று. கடைசி அறைக்கு மட்டும் சூடு போய்ச் சேரவில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவையே வெந்நீரையெல்லாம் வாங்கிக்கொள்கின்றனவாம். அவற்றில் வெந்நீர் குறைவாக ஓட, மறுமுனை வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினேன். அதற்குப் பொறுமைதான் அதிகம் வேண்டியிருந்தது. இப்போது எல்லா அறையும் ஒரே சூடு. ரோட்னி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். அதுவே எனக்குப் போதும்.

நீ இனி வருவாயா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோது ஒரு பெண் எடுத்து, நீ குளித்துக்கொண்டிருப்பதாக மரியாதையாகச் சொன்னாள். நல்ல குரல். காலையில் நீ ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுவாய், தேநீரோடு கையில் கொடுத்தால்தான் போடுவாய் என்று அவளிடம் சொல். எனக்கு அவளிடம் சொல்ல வேறொன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

இப்படிக்கு,
நம் வீட்டிலிருந்து,
வெண்டி