திங்கள், வியாழன் நோன்பு

மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் தம்பியிடம் தூக்குப்போசியில் கஞ்சி அனுப்பியிருக்கிறேன். மிக்ஸியில் அடித்து வடிகட்டியது. இறங்கும்.

டாக்டர் இன்று என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். போன வருடம் தொண்டைப் புற்றுக்கு ஊசி போட்டபோது, உடம்பின் காவல் அணுக்களிடம் மாட்டிய புற்று அணுக்களெல்லாம் செத்துவிட்டனவாம். 'நான் உன் ஆள்தான்' என்று காட்டிக்கொள்ளத் தெரிந்த சில மட்டும் தப்பித்துப் பெருகிவிட்டனவாம். "எத்தனை நாளா அவருக்குச் சாப்பாடு இறங்கலை?" என்று கேட்டார். ரமலானிலிருந்து விரல்விட்டு எண்ணிப்பார்த்தேன்.

ரமலான் முடிந்து ஆறு நோன்பும் பிடித்தீர்கள். அப்புறம் திங்கள், வியாழன். விடியுமுன் சாப்பிடும் சஹரும், நோன்பு திறப்பதும் பள்ளிவாசலில்தான் என்றீர்கள். மற்ற நாளெல்லாம் கடையிலேயே சாப்பிட்டதாகச் சொன்னீர்கள். சட்டை தொளதொளத்தபோது, "நோன்பு வெச்சா இளைக்காதுங்களா?" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னவள் நான்தான்.

தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். நோன்பை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

நாளை வியாழன். கஞ்சியை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறேன். என் கண்ணெதிரே ஒரு வாய் விழுங்குங்கள். முடியாவிட்டால் என் கையிலேயே துப்புங்கள்.

உங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பதாக நினைத்திருந்த
உங்கள் வீட்டுக்காரி