மகள் வீட்டுக்கே வருகிறாள்

தம்பி,

நான் கிளம்பிவிட்டேன். கோபமில்லை. "நீ இல்லாட்டி எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுக்கா" என்று நேற்று கத்தினாயே, அதனால்தான் போகிறேன். இத்தனை மாதமும் கோர்ட்டு சொன்னபடி சந்திப்பு மையத்து அறையில் மட்டும் நீ பார்த்த மகள் இன்றைக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள். நானிருந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். அவளில்லை, நீ!

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. அவளுக்குப் பாலை ஆற்றிக் கொடு.

சந்திப்பை மேற்பார்வை பார்க்கிற மையத்து அம்மா அவள் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார். அவர் குறிப்பெழுதுகிறாரே என்று பயந்து, முதல் சந்திப்பில் பெற்ற மகளையே "வாங்க, உக்காருங்க" என்றவனாயிற்றே நீ! "நான் என்ன விருந்தாளியாப்பா?" என்றாளாம் அவள். அந்த அம்மாதான் சிரித்துவிட்டு, "என்னைப் பாக்காதீங்க சார், குழந்தையப் பாருங்க" என்றாராம். அன்றைக்குத்தான் நீ மறுபடி அப்பாவானாய். அந்தப் புண்ணியவதிக்கு மறக்காமல் காபி கொடு.

என்னிடமிருந்த வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. "இனிமே அவர் வீட்லயே பாக்கட்டும்" என்று தானாகவே சொன்னது உன்னைப் பிரிந்துபோனவள்தான். மையத்து அம்மா சொன்னார். "பெத்தவனுக்கு எதுக்கு அனுமதி" என்று நீ மீசையை முறுக்குவாய், தெரியும். ஆனாலும் மையத்து அம்மா மகளைத் திரும்ப அழைத்துப் போகும்போது அவரிடம், மகளைப் பெற்றவளுக்கு ஒரு நன்றி சொல்லியனுப்பு. உனக்கு வாய் வராவிட்டால் அக்கா சொன்னதாகச் சொல். நான் மனதாரத்தான் சொல்கிறேன்.

அக்கா