ரெண்டு பேருக்கும் லீவு

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த இன்றைக்குத்தான் உன் கம்ப்யூட்டர் மெஷினின் மூடியைக் கழற்றினேன். பரணில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. மேலே சுற்றி வைத்திருந்த போர்வை ஊறிக் கனத்துக் கிடந்தது. மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஃப்ளக்ஸ் வாசனை வந்தது. பற்றவைப்பதற்கு முன் தடவுவோமே, அந்தப் பிசினின் வாசனை. ஷிப்டு முடிந்த பிறகும் முடியிலும் துப்பட்டாவிலும் ஒட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் நம்மோடு வீடு வரைக்கும் வரும் அதே வாசனை. நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. மூடியைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று பரணிலிருந்து இறக்கி டிவியில் மாட்டிப் பார்த்தபோது திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை வந்தது. நீ எழுதிய லீவுக் கணக்கு புரோகிராம் உலகத்தில் நாம் மெமரி கூட்டிய இந்த ஒரு மெஷினில்தான் ஓடும். இது செத்தால் கேசட்டில் மிச்சம் இருப்பது வெறும் கீச்சுச் சத்தம். உன்னையே காப்பாற்ற முடியாதவளுக்கு இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வீம்பு.

இந்தச் சனியனை நீதான் தலையில் கட்டினாய். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த காயலான் கடையில், ஏதோ பள்ளிக்கூடம் எடைக்குப் போட்ட சாமான்களுக்கு நடுவில் கிடந்தது. பார்ப்பதற்குத் தட்டச்சு மெஷினை யாரோ மிதித்துச் சப்பையாக்கியது போல இருந்தது. கம்பெனிப் பெயர் இருந்த தகடு பிய்ந்து போயிருந்தது. மவுஸ் கிடையாது, சொந்தத் திரை கிடையாது. டிவியில் மாட்ட வேண்டும், டேப்ரிகார்டர் கேசட்டில் சேமிக்க வேண்டும். அதன் பிளக் வேறெந்தப் பிளக்கோடும் சேராது, அதன் பாஷை வேறெந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியாது. நாம் நாளெல்லாம் புத்தம் புது செல்போன் போர்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். உனக்கோ அதைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"ஏட்டி, இதுக்கு இன்னும் உசுரு இருக்குட்டி" என்றாய்.

"அத்த தூக்கிகினு ஹாஸ்டலுக்குப் போனீன்னா வார்டன் உன்னியும் சேத்து எடைக்குப் போட்ரும்" என்றேன்.

அதனால்தான் அது பென்னலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்பாசமுத்திரத்துக்காரி வாங்கியதை நான் சுமந்தேன். அரசாங்கம் கொடுத்த கலர் டிவிக்குப் பின்னால் அதைச் செருகி, சேனலைத் திருகித் திருகி, கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் விட்டு விட்டு மின்னியபோது நீ என் கையைக் கிள்ளினாய். அந்தக் கட்டத்துக்காக ஒருத்தி அப்படிச் சிரிப்பாள் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இந்த மெஷினை இன்னும் கட்டிக்கொண்டு அழும் கூட்டம் ஒன்று ஊர் ஊராக, நாடு நாடாக இருப்பதைக் கண்டுபிடித்தாய். அதில் ஒருவர் பல்லாவரத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. அவர் வீட்டில் இதே மெஷின் இரண்டு, கண்ணாடி அலமாரிக்குள். சர்க்யூட் படத்தை நகலெடுத்துக் கொடுத்தவரும் அவர்தான், மெமரி கூட்டப் போகிறோம் என்றதும் முகம் சுருங்கியவரும் அவர்தான். ஒரிஜினலாக இருக்கட்டும், கை வைத்துக் கெடுக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீ காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சார், இது சாமி இல்லல்லா. கம்ப்யூட்டருதான. வேல செய்யட்டும்" என்றாய். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார், ஆனால் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

மெமரி கூட்டுவதற்கு நீ வைத்த பெயர் உப்புமூட்டை. பழைய சிப்பின் முதுகில் இன்னொரு சிப்பை ஏற்றி, காலோடு கால் சேர்த்துப் பற்றவைப்பது. அந்த முதல் நாளிலேயே நாம் இரண்டு பேரும் சேர்ந்து மெஷினைக் கொல்லப் பார்த்தோம். கம்பெனியில் நாம் இருந்தது ரீவொர்க் மேசை, லைனில் தவறிப்போன போர்டுகளைச் சரிசெய்யும் இடம். அங்கே பற்றவைக்க ஈயம் கலக்காத சால்டர், அதற்குச் சூடு அதிகம் வேண்டும். அந்தச் சூட்டுக்கே நம் கை பழகியிருந்தது. இந்தக் கிழட்டு போர்டோ ஈயம் கலந்த காலத்தது, குறைந்த சூடே போதும். கம்பெனியில் வைப்பது போலவே சூட்டை வைத்து, கம்பெனியில் பிடிப்பது போலவே பிடித்தோம். செம்புத் தடம் பொசுங்கி, காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி உரிந்து வந்தது. சால்டரிங்கே தெரியாத ஒருத்தி செய்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த லீவில் செத்த இயர்போன் ஒன்றிலிருந்து முடி மாதிரிக் கம்பி எடுத்து வந்து, பிய்ந்த தடத்துக்குப் பாலம் போட்டாய். அது இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது.

அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் உன் பச்சைப் புள்ளி. ரீவொர்க் மேசையின் வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தவள் நீ. தொட்ட இணைப்புக்குப் பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வைக்க வேண்டும். உனக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. போர்டு திரும்பி வந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே. இன்னொருத்தி அதையே மறுபடி செய்தால், முதல் புள்ளியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுத் தன் புள்ளியை வைக்க வேண்டும். ஒரு இணைப்புக்கு இரண்டு புள்ளி கூடாது. வீட்டில் நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் சொன்னதற்கு, நாமே கேட்போம் என்றாய்.

நம்மை ஒரே மேசையில் ரொம்ப நாள் விட்டுவைக்கவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறோம் என்று சூப்பர்வைசர் ஆளுக்கொரு ஷிப்டில் போட்டார். வாரா வாரம் ஷிப்டு மாறும், லீவு நாளும் கூடவே நகரும். நீ வரும்போது நான் போவேன், செக்யூரிட்டி கேட்டில் கை ஆட்டுவதோடு சரி. நாம் சேர்ந்து உட்கார ஒரு நாள் கிடைப்பது அத்தனை பாடாகிவிட்டது. அதற்காகத்தான் நீ லீவுக் கணக்கை எழுதினாய். உன் ஷிப்டு ஒரு வரிசை, என் ஷிப்டு ஒரு வரிசை. மாதத்தை அடித்தால், இருவருக்கும் சேர்ந்து வரும் நாளுக்கு நேராக 'ரெண்டு பேருக்கும் லீவு' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். ஒரு நாளும் சேராவிட்டால் 'இல்லட்டி' என்று வரும். மெஷினுக்கும் உன் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இத்தனைக்கும் வீட்டில் நல்ல பெயர் இல்லை. லீவன்றைக்கு டிவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறோம் என்று அம்மாவுக்குக் கடுப்பு. அதோடு நீ அவளுடைய அம்மன் பாட்டுக் கேசட்டில் பதிவைத் தடுக்கும் ஓட்டையில் காகிதம் அடைத்து, அதன் மேலேயே கணக்கைப் பதிந்துவிட்டாய். "பாட்டுக்கு நடுவுல பேய் கத்துற மாரி கீதே, இன்னாடி இது?" என்று அம்மா கேட்டதற்கு, நீ முகத்தை மாற்றாமல், "அது எங்க லீவு, பெரியம்மா" என்றாய். அவளுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அதன் பிறகு உனக்கென்று தனியாக வடை எடுத்து வைத்தாள்.

கேசட்டில் எது எங்கே இருக்கிறது என்று மெஷின் காட்டாது. அதனால் இந்த மெஷினைக் கட்டிக்கொண்டு அழும் கூட்டத்தார் எல்லாரும், பதிவதற்கு முன்னால் வாயால் பெயரைச் சொல்லி வைப்பார்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. போனால் அத்தனையும் போய்விடும் என்ற பயத்தில் நீ அடிக்கடி பதிவாய், ஒவ்வொரு தடவையும் பெயரோடு கரண்ட் நிலவரத்தையும் சொல்வாய். மெஷினுக்கு உன் குரல் தேவையில்லை. அதைத் தாண்டிக் கீச்சுச் சத்தம் வரும் வரைக்கும் சும்மா காத்திருக்கும்.

உப்புமூட்டை ஏற்றி முடித்ததும் மெமரியில் இடம் இருக்கும் வரைக்கும் மாதங்களை நிரப்பினாய். 2015 நவம்பரோடு இடம் தீர்ந்தது. அதற்கு மேல் கேட்டால் 'தெரியலட்டி' என்று சொல்ல வைத்தாய். "அன்னிக்கு நாம எங்கன இருப்போமோ, யாரு கண்டா" என்றாய். அவ்வளவு தூரத்து வருஷத்தை எதற்கு இப்போது அடிக்கிறாய் என்று உன்னைக் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த வருஷ மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், நீ மட்டும் எழுந்திருக்கவில்லை. உன் அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். ஆஸ்பத்திரியில் இருந்து நீ போன் பேசினாய், குரல் ஈனமாக இருந்தது. நான் லீவு போட்டுவிட்டு உடனே கிளம்பி வருகிறேன் என்றேன்.

"மெஷினு என்னட்டி சொல்லுது?" என்று கேட்டாய்.

அடித்துப் பார்த்துச் சொன்னேன். அந்த மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, அதுவும் வருகிற ஞாயிறு.

"அப்ப ஞாயித்துக்கெழம வா. அதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்துருவேன். லீவு போட்டுட்டு ஓடியாராத, சம்பளத்துல பிடிச்சிருவானுவ."

டிக்கெட் எடுத்தேன். உனக்குப் பிடித்த பச்சை மார்க்கர் ஒன்று புதிதாக வாங்கிப் பையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை உன் அண்ணனிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது லைனில் இருந்தேன், போன் கேட்டுக்கு வெளியே லாக்கரில் இருந்தது. ஷிப்டு முடிந்து எடுத்துப் பார்த்தபோது உன்னை எடுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அதுதானே நமக்குச் சேர்ந்த லீவு. உன் அம்மா என் முகத்தைத் தடவிவிட்டு, "ஞாயித்துக்கெழம அவ வாரா, ஞாயித்துக்கெழம அவ வாரான்னு சொல்லிக்கிட்டே கெடந்தா தாயி" என்றார்கள். அடியே, அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்னும் தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போது, தலை சீவும்போது, சம்பந்தமே இல்லாமல் காதில் விழுகிறது.

அடுத்த வருஷம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். கேட்டில் பூட்டு, உள்ளே புல். நான் வல்லம் வடகாலில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனிக்குப் போனேன். மெஷின் மட்டும் மூடிய கம்பெனியின் ஷிப்டைப் பார்த்து மாதா மாதம் நமக்கு லீவு சொல்லிக்கொண்டிருந்தது. அது சொன்ன நாளில் எனக்கு வேலை இருந்தால் மாற்றிக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து டிவியில் மாட்டி, அந்தக் கட்டம் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா சீரியலைக் கேட்கவில்லை. பழக்கத்தில் வடையை மட்டும் இரண்டு தட்டில் வைத்துவிடுவாள்.

இன்றைக்குத் திறந்து பார்த்ததில் உப்புமூட்டைச் சிப்பு ஒன்றின் காலில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. உன் இணைப்பு. களிம்பு புள்ளியின் மேலேயும் படர்ந்திருந்தது. துடைக்காமல் பற்றவைக்க முடியாது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். உன் பச்சை பஞ்சில் ஏறியது. சூட்டைக் குறைத்து வைத்து, மெல்லத் தொட்டு எடுத்தேன். தடம் உரியவில்லை. பையில் நான் உனக்கு வாங்கிய பச்சை மார்க்கர் இன்னும் இருந்தது. அதை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். என் கைதானே தொட்டது, சிவப்புத்தான் வைத்தேன். நீ இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

கட்டம் சுத்தமாக மின்னியது. கேசட்டைப் போட்டேன். அம்மன் பாட்டு அரை வரி. பிறகு நீ: "லீவுக் கணக்கு. புது மெமரி. கரண்ட் இருக்கு. ஏட்டி, சிரிக்காத." பின்னால் என் சிரிப்பும் கேட்கிறது. அதற்குப் பின் கீச்சல். டிசம்பர் என்று அடித்தேன். 'தெரியலட்டி' என்றது.

வரும் என்று தெரிந்ததுதான். ஆனாலும் அழுதேன், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்படி அழுதேன். பழைய மாதங்களை அழித்தால் புதியதற்கு இடம் கிடைக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். உன் கேசட்டைத் தொடவில்லை, வேறு கேசட் எடுத்துக்கொண்டேன். என் வரிசையில் வல்லம் வடகால் ஷிப்டை ஒவ்வொரு நாளாக அடித்தேன். உன் வரிசைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. காலியாக விட்டால் மெஷின் ஏற்காது, நீ அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறாய். உனக்கு எந்த ஷிப்டைப் போடுவது? வேறு வழி தெரியாமல் எல்லா நாளுக்கும் லீவு என்று போட்டேன்.

பிறகு மாதம் மாதமாக அடித்துப் பார்த்தேன். எனக்கு லீவு வரும் ஒவ்வொரு நாளுக்கு நேராகவும் 'ரெண்டு பேருக்கும் லீவு' என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு மாதத்துக்குக்கூட 'இல்லட்டி' வரவில்லை. நீ இருந்த காலத்தில் நமக்கு அப்படி ஒரு வருஷம் அமைந்ததே இல்லை.