பிள்ளைகளோடு பின்னால் உட்காருகிறவர்கள்

நோன்பு, பிறை 6. வியாழன்.

கச்சான் காற்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டது. முற்றமெல்லாம் மணல். கஞ்சிச் சட்டியை இறுக்கி மூட வேண்டும். நேற்றுக் கஞ்சி பல்லில் நறநறத்தது. மண்ணெண்ணெய் தீர்ந்தது. பெட்ரோமாக்சுக்கு மேண்டில் இரண்டு.

தங்கச்சிமடம் பள்ளியில் இருந்தபோது பிலோமினா என்றொரு சிறுமி, கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை, என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். சிலேட்டு கொண்டுவராதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று சொல்லியிருந்தேன். "டீச்சர், சிலேட்டு இருக்கவங்களும் எந்திரிக்கலாமா?" பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தோழிக்குச் சிலேட்டு இல்லை. வகுப்பே சிரித்தது. உட்காரு என்றேன். அவள் உட்காரவில்லை.

நேற்று ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான். தூக்கம் இல்லை. ஏன் என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

எங்கள் தெருப் பெண்கள் நோன்பு ராத்திரிகளில் தராவீஹ் தொழக் கூடுவது தைக்காவில். லெப்பை வீட்டுக் கதீஜா ஓதித் தொழவைப்பாள். ஆண்களின் இமாமைப் போல முன்னால் தனியாக நிற்கமாட்டாள். முதல் வரிசை நடுவில், எங்களோடு தோள் உரச. கைப்பிள்ளைக்காரிகளும் வருவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாதவிலக்கில் இருக்கிறவர்கள். "எனக்குத் தொழுகை இல்லை" என்று சொல்லிவிட்டுப் பின்னால் தூணடியில் பாய் விரித்து உட்காருவார்கள். பிள்ளைகள் அவர்கள் மடிக்குப் போய்விடும். தாய்மார் நிம்மதியாகத் தொழலாம். நல்ல ஏற்பாடு. வெளியூர் டீச்சர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த நல்ல ஏற்பாட்டை என்னவாக்கி வைத்திருக்கிறார்கள்!

தொழுகையில் நாலு ரக்அத்துக்கு ஒருமுறை சற்று உட்காருகிறோமே, அப்போது எல்லாத் தலையும் பின்னால் திரும்புகிறது. புதுப்பெண் தூணடியில் இருக்கிறாளா? புருஷன் கொழும்பிலிருந்து வந்துபோனானே, அவள்? அங்கே இருந்தால் இன்னும் உண்டாகவில்லை. அந்தப் பக்கமே போகாவிட்டால் விசேஷம். கையில் தஸ்பீஹ் மணி உருளுகிறது, கண் இதைப் படிக்கிறது.

பக்கத்து வீட்டு ஆமினா நேற்று என் தொடையைக் கிள்ளினாள்.

"பாத்தியா டீச்சர், எம் மருமவ இன்னும் பின்னால போகல."

"அஞ்சு நோன்புதானே ஆச்சு, அதுக்குள்ள என்ன?"

"மூணு வருசமா இல்லாதது இந்தத் தடவை நிக்கும்னு மனசு சொல்லுது. இல்லையின்னா பெருநா கழிச்சு அவனுக்கு வேற எடம் பாக்கத்தான் போறேன். முதுகுளத்தூர்ல ஒரு பொண்ணு இருக்காம்."

மருமகள் சபுரா வரிசை ஓரத்தில், மூன்று பேர் தள்ளி. அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அந்தக் குரல்.


பிறை 7. வெள்ளி.

வெக்கை. காற்று இருந்தும் வெக்கை. கண்ணாடிக் காலில் நூல் சுற்றினேன்.

நேற்று ராத்திரி இஷாத் தொழுகைக்கு முன், தைக்காக் கிணற்றடி. கை கால் கழுவி ஒலுச் செய்யத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சபுரா கயிற்றை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாளி உள்ளே விழுந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன், அவள் கை சில்லென்று இருந்தது.

"என்ன புள்ள, நோன்பு தொறந்து ஒண்ணும் சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன் டீச்சரும்மா." பிறகு அழுகை. "எனக்குத் தொழுகை இல்ல. மூணு நாளாச்சு."

"அப்ப ஏன் வரிசையில நிக்கிற?"

"பின்னால போனா மாமி பாத்துருமே."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நோன்பு வைக்க வேண்டாத இந்த நாட்களிலும் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அடுப்படியில் வாய் அசைந்தால் தெரிந்துவிடும்.

துணியை இருட்டிலேயே அலசிக் கட்டிலுக்கு அடியில் காயப்போடுவது. ஈரத்தோடே சில நாள் எடுத்துக் கட்டுவது.

தொழுகையில் வெறுமனே குனிந்து நிமிர்வது. "ஒண்ணுமே ஓதுறதில்ல டீச்சரும்மா. ஓதுனா பாவமில்லையா? ஓதாம நின்னாலும் பாவந்தானே? எது பெருசு?"

கதீஜாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷம் பாடம் சொன்ன வாய்.

படைத்தவனே இந்த நாட்களில் தொழ வேண்டாம், நோன்பு வேண்டாம் என்று இறங்கி வந்திருக்கிறான். அவன் கொடுத்ததை ஒரு மாமியாரும் இருபது தலைகளும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டோம். இருபதில் ஒன்று என் தலை. நானும்தான் திரும்பிப் பார்த்தேன்.


பிறை 8. சனி.

காலையில் ஆமினாவிடம் போனேன். "கண்ணு மங்கிப்போச்சு, பேப்பர் படிச்சுக் காட்ட ஆளில்ல. மத்தியானம் சபுராவை அனுப்பு." அனுப்பினாள். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

சபுராவுக்குச் சோறு, பாரைமீன் குழம்பு. நோன்போடு சமைத்ததால் உப்புப் பார்க்க முடியவில்லை. அவளே பார்த்து, கூட என்றாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு சாப்பிட்டாள். என்ன வேகம்! இரண்டாந்தரம் போட்டபோது, "எல்லாரும் பட்டினி, நான் மட்டும் திங்கிறேன்" என்றாள். தின்னு புள்ள, கணக்கு வேறு இடத்தில் நடக்கிறது என்றேன்.

கணக்கு என்றதும் ஆத்திரம் வந்துவிட்டது. கொழும்பில் கடை வைத்திருக்கிற அவள் புருஷன் பன்னிரண்டு மாதத்தில் ஊரில் இருப்பது ஒரு மாதம். அதிலும் பாதி பாஸ்போர்ட், விசா என்று அலைச்சல். மீதி நாளில் விருந்து. பள்ளிக்கூடம் பக்கமே வராதவனுக்கு ஆப்சென்ட் கிடையாது, தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறவள் பெயில். இது எந்த ஊர்ப் பரீட்சை?

சாயங்காலம் அஸர் தொழுத பின் கதீஜா வீடு. பெயர் சொல்லாமல் கேட்டேன். அவளுக்கா தெரியாது!

"பின்னால உக்காந்து பிள்ளைய ஆட்டிக்கிட்டே தஸ்பீஹ் சொல்லச் சொல்லுங்க லாத்தா. அதுக்கும் கூலி உண்டு. ஆனா அந்த மாமியா கண்ணு இருக்கே..."

"அத நான் பாத்துக்கிறேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் மறுபடி பிலோமினாவின் கேள்வி.


பிறை 9. ஞாயிறு.

கை வலி. பிள்ளைகள் கனம்.

நேற்று இஷாவை வரிசையில் தொழுதேன். தராவீஹுக்குக் கதீஜா எழுந்ததும் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு தூணடிக்குப் போனேன். கொல்லென்று சிரிப்பு.

"என்ன டீச்சர், அறுபது வயசுல உங்களுக்குமா தொழுகை இல்ல?"

"இங்கன பாருங்கடி, டீச்சர் குமரியாயிட்டாக!"

"ஆமா, ஆயிட்டேன். பிள்ளைகளக் கொண்டாங்க" என்றேன். "சபுரா, நீயும் வா. இத்தனை பேரை ஒத்தையில சமாளிக்க முடியாது."

ஆமினா குறுக்கே வந்தாள். "அவ தொழுவட்டும் டீச்சர்."

"நானுந்தான் தொழுவணும். வீட்டுல போய்த் தொழுதுக்குவேன். கட்டாயமில்லையே, சுன்னத்துதானே."

சபுரா வந்தாள். கதீஜா உடனே தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கவில்லை, வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "இனி பிள்ளை பாக்குறது முறை. தெனம் நாலஞ்சு பேரு. தொழுகை இருக்கவங்களும் போகணும், இல்லாதவங்களும் போகலாம். யாரு ஏன் போனாகன்னு கேக்கக் கூடாது."

முணுமுணுப்பு. பிறகு அல்லாஹு அக்பர்.

ஒரு பயல் என் துப்பட்டியை நனைத்துவிட்டான். சபுராவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.


பிறை 11. செவ்வாய்.

காற்று அடங்கியிருக்கிறது. துப்பட்டி காய்ந்தது. எலுமிச்சம்பழம் வாங்க.

நேற்றுத் தூணடியில் ஐந்து பேர். நான், கதீஜாவின் தாயார், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, கல்யாணமாகி ஒரு மாதமான பெண், சபுரா. சபுராவுக்குத் தொழுகை வந்துவிட்டதா இல்லையா? எனக்கே தெரியாது. கேட்கவில்லை.

இடைவேளையில் ஆமினா திரும்பினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் நேரே என்னிடம்.

"என்ன டீச்சர் பண்ணி வச்சிருக்க? யாருக்கு என்னன்னே தெரியல."

"தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

"எம் மவனுக்கு நான் என்னத்தச் சொல்லுறது?"

"கடையப் பூட்டிட்டு ஒரு வருசம் ஊர்ல வந்து இருக்கச் சொல்லு. முதுகுளத்தூர பெறகு பேசுவோம்."

"உனக்குப் பிள்ளையா குட்டியா, நீ பேசுவ."

சுருக்கென்றது. அவள் மடக்கிக்கொண்டிருந்த பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பிடுங்கப் பார்த்தாள். விடவில்லை. சபுரா பின்னால் நின்றுகொண்டிருந்தாள், தூங்குகிற பிள்ளையோடு, நிமிர்ந்து.

தூணடியிலிருந்து பார்த்தால் முன்னால் எல்லாம் வெள்ளைத் துப்பட்டிதான். யார் உண்டானவள், யார் இல்லாதவள், யார் மாமியார், ஒன்றும் தெரியாது. இதை ஆமினாவிடம் சொல்லி விளங்காது. சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்கு உன் முறை, ஆமினா. பின்னால வந்து உக்காரு. ஒரு பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு முன்வரிசையப் பாரு."