ஜெபக்குறிப்பில் என் பெயர்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். மழையிலும் வண்டன்மேட்டிலிருந்து பாஸ்டர் வந்துவிட்டார். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர் ஜெபக்குறிப்பு கேட்டதும் மாமியார் முந்திக்கொண்டார்.

"மருமவளுக்காக ஜெபிங்கய்யா. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு செல்போன்ல யார்கிட்டயோ சொல்லிச் சொல்லி அழுவுதா. என்ன பேய் பிடிச்சிருக்கோ."

ஏலக்காட்டில் என்னோடு வேலை செய்யும் அத்தனை பேரும் கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அடுத்து, கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன். சாட்சி சொல்ல எழுந்தவளை யாரும் உட்காரச் சொல்ல முடியாது.

"பேயெல்லாம் இல்ல. கைப்பிள்ளைக்காரிகளுக்குன்னே ஒரு ஆப் இருக்கு. மனசு சரியில்லன்னா அதுல ஒரு அக்கா தமிழ்ல பேசுவாங்க. பிள்ளை அழும்போதெல்லாம் எங்கயாவது ஓடிப்போயிரலாம்னு இருந்துச்சு. இந்த வீட்டுல யார்கிட்ட சொல்ல? அவங்ககிட்ட சொன்னேன். இப்ப பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுறேன். இனியும் பேசுவேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

பழக்கதோஷம், எல்லோரும் "அல்லேலூயா" என்றுவிட்டார்கள். மாமியார் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. எதற்குச் சொன்னோம் என்று பிறகுதான் விழித்தார். பாஸ்டர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

காப்பி குடித்த டம்ளர்களைக் கழுவும்போது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஒட்டி வந்து நின்றாள். அவளுக்கும் கைக்குழந்தை.

"அந்த ஆப் பேரு என்னக்கா?" என்று காதோடு கேட்டாள்.

மாமியார் அடுப்படியில்தான் நின்றிருந்தார்.

"சத்தமாக் கேளுடி" என்றேன்.