சாயாமல் சுமந்த பேட்டரி

பாய்,

கொரோனா அடங்கி லோக்கல் ரயிலில் மறுபடியும் எல்லோரையும் ஏற்றியதும், பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி ஆளாளுக்குக் கரண்ட் ஸ்கூட்டர் வாங்கியதும் ஒரே சமயம். அதையடுத்து வந்த மழையில் நீங்கள் போனீர்கள். வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதும் உங்கள் மகளுக்குத் தெரியும். போடச் சொல்லவில்லை.

இன்று மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பெண் ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்தினாள். தீர்ந்த பேட்டரியை உருவி, அங்கிருந்த இரும்பு அலமாரியில் செருகிவிட்டு, சார்ஜ் ஏறிய இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். கைப்பை மாதிரி ஒரு கையில் அதை ஆட்டிக்கொண்டே போனில் யாரையோ இந்தியில் திட்டினாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம் தாராவி பேட்டரிக் கடையில் எதையாவது அப்படித் தூக்கியவர் உண்டா? ஆசிட் பேட்டரியை வயிற்றோடு அணைத்து, மட்டம் தவறாமல், அடிமேல் அடி வைத்துத்தான் நடப்போம். சாய்ந்தால் ஆசிட் வழியும். நம் சட்டைகளில் எல்லாம் தொப்புளுக்கு நேரேதான் ஓட்டை. யாராவது அவசரப்பட்டால், "பிள்ளத்தாச்சி மாதிரி நடலே," என்பீர்கள்.

கடைக்கு மேல் அறையில் இசக்கியம்மா, பக்கவாதத்தில் படுத்துவிட்ட புருஷனோடு. இறங்கி வர ஓர் இரும்பு ஏணி மட்டும்தான்.

"ஏ பாய், ஒம்ம ஆசிட்டு நாத்தம் மொதல்ல எங்க வீட்டுக்காரரக் கொல்லும், பொறவு என்னையக் கொல்லும்!"

"ஒங்க கருவாட்டு வாடையில எங்க பேட்டரியே மயங்கிக் கெடக்கு தாயி."

சிரிப்பு வெளியே தெரியாமல் உள்ளே போய்விடுவாள்.

நீங்கள் போன அந்த மழையில் நம் கல்லிச் சந்துக்குள் தண்ணீர் ஏறியது. முழுகிய ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியை ஒருவர் கொண்டுவந்தார். ஆசிட் பேட்டரி நனைந்தால் துடைத்துக் காயவைத்துச் சார்ஜ் போடுவோம். இதற்கும் அதையே செய்தோம். மத்தியானம் அது உஸ்ஸென்று சீறியது. நகச்சாயம் போல இனிப்பாக ஒரு வாடை. பின்னாலேயே வெள்ளைப் புகை.

மேலே பார்த்தீர்கள். ஏணியைப் பார்த்தீர்கள். ஈரச் சாக்கைச் சுற்றித் தூக்கிவிட்டீர்கள்.

"கீழ போடுங்க பாய்!" என்று கத்தினேன்.

"எங்கன போட, அண்ணாச்சி? ரெண்டு பக்கமும் வீடுல்லா."

கல்லியின் முடிவில் இருக்கும் நாலாச் சாக்கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நான் முன்னால் ஓடி ஆட்களை விலக்கினேன். திரும்பினால், நீங்கள் அதை வயிற்றோடு அணைத்து, மட்டம் பிசகாமல், அடிமேல் அடி வைத்து வருகிறீர்கள்.

"ஓடி வாங்க பாய்! இதுல ஆசிட்டு கெடையாது, சாஞ்சா ஒண்ணும் ஆவாது!"

தலையை ஆட்டினீர்கள். கால் மட்டும் கேட்கவில்லை. நாலா ஓரத்தை எட்டும்போது சாக்கோடு சேர்ந்து பற்றிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான்: "மேல கெழவருக்கு ஏதும் ஆச்சா?" ஒன்றும் ஆகவில்லை என்றேன். அந்த வாரத்தை நீங்கள் தாண்டவில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு உங்கள் மகள் இப்போதும் கேட்கிறாள், "மாமா, வாப்பா ஏன் ஓடல?"

எனக்கும் அதே கால்தான். வெறுங்கையோடு நடக்கும்போதும் மட்டம் பார்த்தே நடக்கிறது.

"மேல இருந்தவங்களுக்காகத்தான வாப்பா செத்தாங்க. அவங்கள்ல யாராச்சும் இருக்காங்களா?"

கிழவர் அடுத்த மழைக்கே போய்விட்டார், பாய், தன் படுக்கையில், தூக்கத்தில். உங்களால் கிடைத்த ஒரு வருஷம். கடை ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. அவர் பெண்சாதி ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திட்டுவதற்கு ஆள் இல்லை. அந்த மாடியில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

எழுதிக்கொள் மகளே. இசக்கியம்மா.